போன் திரையில் கோடு எப்படி விழுகிறது, டெம்பர் கிளாஸ் ஒட்டலாமா வேண்டாமா?

அம்மாவின் போனில் நாலைந்து நீளக் கோடுகள். வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, வெயிலில் சாய்த்துப் பிடித்தால் பூனை பிறாண்டியது போலத் தெரிந்தன. "சாவிக்கொத்தோட கூடையில போட்டுட்டேன்டா, அதான்" என்றார். நாமும் இதைத்தான் சொல்வோம், போனையும் சாவியையும் ஒரே பாக்கெட்டில் போடாதே என்பது வீட்டுக்கு வீடு இருக்கும் அறிவுரை. ஆனால் அந்த ஒயர் கூடையைக் கவிழ்த்தபோது சாவியோடு கொஞ்சம் சில்லறையும், கடைசியாக ஒரு பிடி மண்ணும் விழுந்தது. சந்தைக்குப் போய் உருளைக்கிழங்கும் சேப்பங்கிழங்கும் வாங்கி வரும் அதே கூடைதான் அது. கோடு போட்டது அந்த மண்.

இதை எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறாய் என்று கேட்டால், அதற்கு இருநூறு வருடப் பழைய அளவுகோல் ஒன்று இருக்கிறது. 1812ல் ஃபிரெட்ரிக் மோஸ் என்ற ஜெர்மானியக் கனிமவியலாளர் பத்துக் கனிமங்களை எடுத்து, எது எதைக் கீறுகிறது என்று உரசிப் பார்த்து வரிசைப்படுத்தினார். முதல் இடத்தில் மாக்கல், பத்தாவது இடத்தில் வைரம். மாக்கல் எவ்வளவு மிருது என்பது கல்சட்டி செய்பவர்களைப் பார்த்தால் தெரியும், கையாலேயே குடைந்து சட்டியாக்கிவிடுவார்கள். விதி ரொம்ப எளிது: வரிசையில் மேலே இருக்கும் பொருள் கீழே இருப்பதைக் கீறும், கீழே இருப்பது மேலே இருப்பதைக் கீறாது. இதில் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும், இது கிலோ, மீட்டர் மாதிரியான அளவு கிடையாது, வகுப்பில் ரேங்க் போடுவது போல. 9ல் இருக்கும் நீலக்கல்லுக்கும் 10ல் இருக்கும் வைரத்துக்கும் நடுவே பெரிய இடைவெளியே உண்டு.

இப்போது நம் பையில் இருப்பதை இந்த வரிசையில் நிறுத்திப் பாருங்கள். விரல் நகம் சுமார் 2.5. செம்பு 3. சாவி பெரும்பாலும் பித்தளை, அது 3க்கும் 4க்கும் நடுவில். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் காசுகள் எஃகுதான் என்றாலும் கண்ணாடியை விட மிருதுவானவை. வீட்டுக் கத்தி 5.5 பக்கம் வரும். போனின் மேல் கண்ணாடி 6க்கு ஒட்டி நிற்கிறது. மணலில் அதிகம் இருப்பது குவார்ட்ஸ் என்ற கனிமம், அதன் இடம் 7.

அவ்வளவுதான் விஷயம். சாவி தோற்கும், காசு தோற்கும், கத்திகூடப் பெரும்பாலும் தோற்கும், கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு மணல் துகள் ஜெயிக்கும். நம் ஊரில் அதற்குப் பஞ்சமே இல்லை. ஆற்று மணல், கடற்கரை மணல், தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டின் செம்மணல் எல்லாமே பெரும்பாலும் குவார்ட்ஸ்தான் (தேரி மணலின் சிவப்பு, துகளின் மேல் படிந்திருக்கும் இரும்பு ஆக்சைடின் நிறம்). இப்போது தெருவுக்குத் தெரு கொட்டிக் கிடக்கும் எம்-சாண்ட், கருங்கல்லை உடைத்து அரைத்தது, அதிலும் குவார்ட்ஸ் உண்டு, ஆற்று மணலைப் போல உருண்டு தேய்ந்த துகளாக இல்லாமல் முனை கூர்மையாகவே இருக்கும். பக்கத்து வீட்டில் கட்டட வேலை நடந்தால் அந்தத் தூசி நம் மேசை மீதும் சட்டைப் பாக்கெட்டிலும் படிகிறது. அப்புறம் அந்தப் பாக்கெட்டில் போனைப் போடுகிறோம், நடக்கிறோம், துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட துகள் தேய்க்கிறது.

சாவிக்குக் கெட்ட பெயர் வந்ததிலும் ஒரு நியாயம் இருந்தது. பழைய பட்டன் போன்களின் திரைமேல் இருந்தது பிளாஸ்டிக். பிளாஸ்டிக்கைச் சாவி கீறும், காசும் கீறும். 2007 ஜனவரியில் முதல் ஐபோனை மேடையில் காட்டியபோது அதன் திரையிலும் பிளாஸ்டிக்தான் இருந்தது. பாக்கெட்டில் சாவியோடு கிடந்து கோடு விழுந்ததைப் பார்த்த ஸ்டீவ் ஜாப்ஸ், கண்ணாடிதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்று, அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தை அணுகினார் என்பது பலரும் பதிவு செய்திருக்கும் செய்தி. கார்னிங் 1960களிலேயே அப்படி ஒரு உறுதியான கண்ணாடியை உருவாக்கி, வாங்க ஆள் அதிகம் இல்லாமல் ஓரமாக வைத்திருந்தது. அதன் வழியில் வந்ததுதான் கொரில்லா கிளாஸ், கென்டக்கி மாநிலத்தின் ஹாரட்ஸ்பர்க் ஆலையில் அவசர அவசரமாகச் செய்து கொடுத்தார்கள், 2007 ஜூன் மாதக் கடைசியில் போன் கண்ணாடித் திரையோடு கடைக்கு வந்தது. அன்றிலிருந்து சாவி பெரிய எதிரி இல்லை. பிளாஸ்டிக் காலத்துப் பயம் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

ஒன்று சொல்ல வேண்டும். சில நேரம் சாவியோ காசோ உரசிய இடத்தில் வெள்ளிக் கம்பி மாதிரி ஒரு கோடு தெரியும். அது கண்ணாடியில் விழுந்த பள்ளமாக இல்லாமல், தோற்றுப்போன உலோகம் தேய்ந்து கண்ணாடியின் மேல் ஒட்டிக்கொண்டதாக இருக்கலாம். பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்தால் சில நேரம் போய்விடும். தேய்க்கும் முன் அந்த இடத்தில் தூசி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நகத்தைக் கோட்டின் குறுக்கே ஓட்டிப் பார்ப்பதும் நல்ல சோதனை. நகம் தடுக்கினால் ஆழமான கீறல், தடுக்காவிட்டால் மேலோட்டமானது.

சரி, கொரில்லா கிளாஸ் என்று பெருமையாகச் சொல்கிறார்களே, பிறகு ஏன் மணலிடம் தோற்கிறது? இங்கேதான் முக்கால்வாசிப் பேர் குழம்புகிறார்கள். கீறல் விழாமல் இருப்பது ஒரு குணம், உடையாமல் இருப்பது இன்னொரு குணம். ஒரு கற்கண்டையும் ஒரு புளி உருண்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். புளியில் நகத்தால் கோடு போடலாம், தரையில் எறிந்தால் உடையாது. கற்கண்டைச் சும்மா நகத்தால் கீற முடியாது, ஓங்கித் தரையில் போட்டால் சிதறிவிடும். முதல் குணத்துக்குக் கடினம் என்றும் இரண்டாவதற்கு உறுதி என்றும் இந்தக் கட்டுரைக்காகப் பெயர் வைத்துக்கொள்வோம். போன் கண்ணாடியைப் பக்குவப்படுத்துவதெல்லாம் பெரும்பாலும் உறுதிக்காக. கடினம் அதில் கொஞ்சம்தான் கூடும், மணலைத் தாண்டிப் போகாது.

அந்தப் பக்குவம் எப்படி நடக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கண்ணாடிக்குள் சோடியம் அயனிகள் (மின்னேற்றம் பெற்ற அணுக்கள்) இருக்கின்றன. அந்தக் கண்ணாடித் தகட்டைச் சுமார் 400 டிகிரி செல்சியஸில் உருகிக் கிடக்கும் பொட்டாசியம் நைட்ரேட் உப்பில் பல மணி நேரம் ஊறப்போடுகிறார்கள். மேற்பரப்பில் இருக்கும் சோடியம் வெளியே வர, அந்த இடத்துக்குப் பொட்டாசியம் உள்ளே போகிறது. பொட்டாசியம் அயனி சோடியத்தைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெரிது. டவுன் பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் சீட்டில் ஒல்லியான மூன்று பேர் எழுந்துபோய், அதே இடத்தில் குண்டான மூன்று பேர் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? தோளோடு தோள் இடித்துக்கொண்டு, யாரும் அசைய முடியாத நெருக்கம். கண்ணாடியின் மேற்பரப்பு அப்படி எந்நேரமும் நெருக்கிப் பிடித்த நிலையில் இருக்கும்.

நெருக்கிப் பிடித்தால் என்ன லாபம்? கண்ணாடி எப்போதும் ஒரு சின்ன விரிசலில் இருந்துதான் உடையும். முதல் உலகப் போருக்குப் பிந்தைய வருடங்களில் கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் இதை ஆராய்ந்தார். கணக்குப்படி கண்ணாடிக்கு இருக்க வேண்டிய வலிமையில் சிறு பங்குதான் நடைமுறையில் இருக்கிறது, காரணம் அதன் மேல் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் என்று காட்டினார். வளைக்கும்போது இழுவிசை முழுவதும் அந்த விரிசலின் முனையில் போய்க் குவிகிறது, அது வாயைப் பிளக்கிறது, கண்ணாடி போய்விடுகிறது. மேற்பரப்பை நெருக்கி வைத்திருந்தால் விரிசல் வாய் திறக்கவே இடம் இருக்காது. பத்துப் புத்தகங்களை வரிசையாக நிறுத்தி இரண்டு பக்கமும் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துத் தூக்கினால் நடுவில் இருப்பது விழுவதில்லை, அதே சங்கதிதான்.

ஆனால் அந்த நெருக்கமான அடுக்கு ரொம்ப மெல்லியது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத ஆழம்தான் பல போன்களில். மணல் போட்ட ஒரு ஆழமான கீறல் அந்த அடுக்கைக் கணிசமாக வெட்டிவிட்டால், போன வாரம் வரை தாங்கிய அதே உயரத்து விழுகையை இந்த வாரம் தாங்காமல் போகலாம். "போன் எத்தனையோ தடவை விழுந்திருக்கு, ஒன்னும் ஆகல, நேத்து சோஃபால இருந்து விழுந்ததுக்கா உடையணும்" என்று புலம்புகிறவர்களை எல்லோரும் பார்த்திருப்போம். கோடு அழகைக் கெடுக்கும் விஷயம் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அப்படியென்றால் மணலைவிடக் கடினமான பொருளிலேயே திரை செய்யக்கூடாதா என்று கேட்கத் தோன்றும். செய்யலாம். செயற்கை நீலக்கல் 9ல் இருக்கிறது, விலை கூடிய கைக்கடிகாரங்களின் முகப்பிலும் சில போன்களின் கேமரா மூடியிலும் அதுதான். விலை அதிகம், கனம் அதிகம், வளையாது, ஆகவே பெரிய மெல்லிய தகடாகச் செய்தால் விழுகையில் உடையும் அபாயம் கூடும். கடினத்தைக் கூட்டினால் உறுதி இடிக்கும், உறுதியைக் கூட்டினால் கடினம் இடிக்கும், கண்ணாடி செய்கிறவர்கள் வருடா வருடம் இந்த இழுபறியில்தான் இருக்கிறார்கள். 2020ல் ஐபோன் 12ல் வந்த செராமிக் ஷீல்டில் கண்ணாடிக்குள் மிக நுண்ணிய படிகங்களை வளர்த்தார்கள், விழுந்தால் தாங்குவது நன்றாகவே கூடியது. மணல் கோடு அதிலும் விழும். பெட்டியில் கொரில்லா கிளாஸ், அது இது என்று என்ன பெயர் அச்சடித்திருந்தாலும், 6ல் லேசாகவும் 7ல் ஆழமாகவும் கோடு விழும் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பாது. அண்மைய சில உயர்விலைப் போன்களில் இந்த நிலை கொஞ்சம் மேம்பட்டிருக்கிறது, ஆனால் அது எல்லோர் கையிலும் இருக்கும் போன் கிடையாது.

இப்போது டெம்பர் கிளாஸுக்கு வருவோம். கடையில் போய் "அண்ணே, ஒரு டெம்பர் போட்டு விடுங்க" என்று கேட்டால் எடுத்து ஒட்டுகிறாரே, அதுவும் கண்ணாடிதான், சுமார் மூன்றில் ஒரு மில்லிமீட்டர் தடிமன், அடியில் சிலிகோன் பசை, மேலே விரல் கறை ஒட்டாத ஒரு பூச்சு. பல டெம்பர்களில் இருப்பது ஜன்னல் கண்ணாடி வகையே, மேலே சொன்ன அதே உப்புக் குளியலில் போட்டு எடுத்தது. ஆகவே அதன் கடினம் போனின் கண்ணாடிக்குச் சமம் அல்லது ஒரு படி குறைவு. மணல் அதையும் கீறும். "ஒட்டின கிளாஸ்லயே கோடு விழுது, இதுக்கு எதுக்குக் காசு" என்பவர்களுக்கு என் பதில், அது கோடு வாங்கிக்கொள்வதற்காகவே ஒட்டப்பட்டது. நூறு ரூபாய்ப் பொருளின் மேல் விழுந்தால் மாற்றிக்கொள்ளலாம். போனின் சொந்தக் கண்ணாடியில் விழுந்தால், இப்போதைய போன்களில் கண்ணாடியும் டச்சும் டிஸ்பிளேயும் ஒன்றாகவே ஒட்டியிருப்பதால், கடைக்காரர் "காம்போ மாத்தணும்" என்பார், அது சாதாரண போனுக்கே ஆயிரக்கணக்கில் போகும், விலை உயர்ந்த போன் என்றால் இன்னொரு புதுப் போன் வாங்கும் தொகை.

டெம்பர் அட்டையில் 9எச் என்று பெரிதாகப் போட்டிருக்கும். மோஸ் வரிசையில் 9, அதாவது நீலக்கல்லுக்குச் சமம் என்று பலர் நம்பி வாங்குகிறார்கள். அந்த எச் பென்சிலின் எச். எச்பி பென்சில், 2எச் பென்சில் என்கிறோமே, அந்தக் கணக்கில் 9எச் என்பது மிகக் கெட்டியான பென்சில். பெயிண்ட், வார்னிஷ் போன்ற பூச்சுகள் எவ்வளவு தாங்கும் என்று பார்க்கப் பென்சிலால் கீறும் ஒரு சோதனை இருக்கிறது, அதில் கெட்டியான பென்சிலிலும் கோடு விழவில்லை என்பதுதான் இந்த 9எச். பென்சிலில் இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும். வீட்டு ஜன்னல் கண்ணாடிகூட இந்தச் சோதனையில் தேறிவிடும். அந்த எழுத்தைப் பார்த்து ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டாம். 6டி, 11டி, 21டி என்று எண் ஏறிக்கொண்டே போவதற்கும் அளவீடு எதுவும் கிடையாது. ஓரத்தை எப்படி மழுக்கியிருக்கிறார்கள், கறுப்புக் கரை இருக்கிறதா, திரையின் விளிம்பு வரை மூடுகிறதா என்பவற்றைப் பெரிய எண்ணாகச் சொல்லும் கடைத்தெரு வழக்கம், அவ்வளவே. பார்க்க வேண்டியது இரண்டு: கண்ணாடியின் முழுப் பரப்பிலும் பசை இருக்கிறதா (ஓரத்தில் மட்டும் பசை இருந்தால் நடுவில் டச் தடுமாறும், தூசியும் புகும்), உங்கள் போன் மாடலுக்கு அளவு சரியாக இருக்கிறதா.

கண்ணாடி வேண்டாம் என்றால் பிளாஸ்டிக் படலங்கள் இருக்கின்றன. பழைய லேமினேஷன் மாதிரியான மெல்லிய பிளாஸ்டிக், அப்புறம் ஹைட்ரோஜெல் என்ற பெயரில் விற்கும் மிருதுவான பாலியூரித்தேன் படலம். இரண்டாவதில் லேசான கோடுகள் கொஞ்ச நேரத்தில் தானாகவே மறைந்துவிடும், ரப்பர் தன்மை உள்ள பொருள் என்பதால் அமுங்கிய இடம் மெதுவாக மேலே வருகிறது. வளைந்த ஓரம் உள்ள திரைக்கு இது நன்றாகப் படியும். ஆனால் கீழே விழும்போது பெரிதாக எதுவும் செய்யாது, விரல் வழுக்கிப் போகும் அந்தக் கண்ணாடிச் சுகமும் இருக்காது.

விழுகை பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். போன் கீழே விழுந்து, டெம்பர் நொறுங்கி, உள்ளே திரை நன்றாக இருந்தால், "பாத்தியா, டெம்பர்தான் காப்பாத்துச்சு" என்று கடைக்காரரும் சொல்வார், நாமும் நம்புவோம். காப்பாற்றியிருக்கலாம். ஆனால் அது நொறுங்கியது அதற்குச் சாட்சி ஆகாது. மூன்றில் ஒரு மில்லிமீட்டர் தகடு, ஓரம் வெளியே நீட்டிக்கொண்டு இருப்பது, போனின் கண்ணாடி சும்மா தாங்கிவிடும் அடியிலும் உடைந்து போகும். டெம்பர் உண்மையில் உதவும் இடம் ஒன்று உண்டு, ஜல்லிக்கல்லோ தார்ச்சாலையின் கூர்முனையோ நேராகத் திரையில் குத்தும் சந்தர்ப்பம். அந்த முனையை முதலில் வாங்குவது டெம்பர், உள்ளே நுண்விரிசல் உண்டாகாமல் பார்த்துக்கொள்கிறது. மூலையில் விழுந்தால் டெம்பரால் ஆவது குறைவு, அதிர்ச்சி சட்டம் வழியாகக் கண்ணாடியின் ஓரத்துக்குப் போய்விடும். அதற்கு வேண்டியது பின் கவர், அதுவும் திரையைவிட விளிம்பு ஒரு மில்லிமீட்டராவது எழும்பி நிற்கும் ரப்பர் கவர். கையில் இருநூறு ரூபாய்தான் இருக்கிறது என்றால் முதலில் நல்ல கவர் வாங்கச் சொல்வேன், மீதியில் டெம்பர்.

யாருக்கு வேண்டாம்? திரைக்குள்ளேயே ரேகை பார்க்கும் போன் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அதில் ஒலி அலை கொண்டு ரேகையைப் படிக்கும் வகைக்கு, கண்ட கண்ணாடியை ஒட்டினால் ரேகை சரியாகப் பிடிபடாது. இதற்கு நேர்மாறான சம்பவமும் நடந்தது, 2019ல் சாம்சங் கேலக்ஸி எஸ்10ல் ஒரு வகை சிலிகோன் உறை போட்டபோது, உறையின் அடியில் இருந்த கோலத்தையே ரேகை என்று எடுத்துக்கொண்டு, யார் விரல் வைத்தாலும் போன் திறந்தது, நிறுவனம் மென்பொருளைத் திருத்தி அனுப்ப வேண்டியிருந்தது. டெம்பர் ஒட்டிய பிறகு பழைய ரேகையை அழித்துவிட்டுப் புதிதாகப் பதிவது நல்லது. 2024ல் வந்த எஸ்24 அல்ட்ரா மாதிரி, வெளிச்சம் அதிகம் பிரதிபலிக்காத கண்ணாடி உள்ள போனில் சாதாரண டெம்பர் ஒட்டினால், காசு கொடுத்து வாங்கிய அந்தத் தெளிவு போய்விடும். மடக்கும் போனில் கம்பெனியே ஒட்டித் தரும் படலத்தை எக்காரணம் கொண்டும் உரிக்காதீர்கள். 2019ல் முதல் கேலக்ஸி ஃபோல்டைப் பரிசோதிக்க வாங்கியவர்களில் சிலர் அதை ஸ்டிக்கர் என்று நினைத்து உரித்துத் திரையையே இழந்தார்கள். வளைந்த திரைக்குத் திரவப் பசை ஊற்றி யூவி விளக்கில் காயவைத்து ஒட்டும் முறை ஒன்று இருக்கிறது. பசை ஸ்பீக்கர் ஓட்டைக்குள்ளும் பட்டன் இடுக்குக்குள்ளும் வழிந்து கெடுத்த போன்களைப் பார்த்திருக்கிறேன், எனக்கு அதில் விருப்பமே இல்லை.

மற்றபடி, வெளியே வேலை செய்பவர், பைக்கில் போகிறவர், குழந்தைகள் கையில் போன் போகும் வீடு, கட்டட வேலை, வயல் வேலை, கடற்கரை ஊர் என்றால் ஒட்டுங்கள் என்றுதான் சொல்வேன். குளிர்சாதன அறையில் மேசையிலேயே நாள் முழுக்க இருக்கும் போன், இரண்டு வருடத்தில் மாற்றிவிடுவேன் என்பவர், வெறும் கண்ணாடியின் தொடுகையை விரும்புகிறவர் ஒட்டாமல் இருப்பதில் தப்பே இல்லை.

கோடு விழுந்த பிறகு பற்பசை தேய், சமையல் சோடா தேய் என்று வீடியோக்கள் சுற்றுகின்றன. தயவுசெய்து செய்யாதீர்கள். கோடு என்பது பள்ளம். பற்பசை பள்ளத்தை நிரப்பாது. பற்பசையில் பல்லைத் தேய்ப்பதற்கென்றே நுண்ணிய துகள்கள் இருக்கின்றன, அவை முதலில் தின்பது கண்ணாடியின் மேல் இருக்கும் எண்ணெய் ஒட்டாப் பூச்சை. அந்தப் பூச்சு போனால் விரல் வழுக்காது, கறை அப்பிக்கொள்ளும், துடைக்கத் துடைக்க மங்கலாகவே இருக்கும். பட்டறையில் சீரியம் ஆக்சைடு என்ற பொடியைத் தண்ணீரில் குழைத்து மெருகேற்றினால் கண்ணாடிக் கோட்டை நிஜமாகவே குறைக்கலாம், ஆனால் சுற்றியுள்ள கண்ணாடியையும் தேய்த்து அந்தப் பள்ளத்தின் மட்டத்துக்குக் கொண்டுவருவதுதான் அந்த வேலை. மேலே சொன்ன நெருக்க அடுக்கு அதில் கரையும், போனுக்குள் தண்ணீர் போகும் ஆபத்தும் உண்டு.

ஒட்டும்போது தூசிதான் பிரச்சினை. கடைகளில் சாலையோர மேசையில், லாரி போகும் காற்றில் ஒட்டித் தருவார்கள், உள்ளே ஒரு துகள் மாட்டினால் அந்த இடத்தில் குமிழி நிற்கும், எவ்வளவு அழுத்தினாலும் போகாது. வீட்டில் ஒட்டுவதாக இருந்தால், வெந்நீரில் குளித்து முடித்த குளியலறையில் ஐந்து நிமிடம் கழித்து நின்று ஒட்டிப் பாருங்கள், ஈரத்தில் தூசி அடங்கியிருக்கும். மின்விசிறியை நிறுத்துங்கள். ஈரத் துணி, காய்ந்த துணி, கடைசியாகத் தூசி எடுக்கும் ஸ்டிக்கர், அந்த வரிசையில் போய், நேராக வைத்து, நடுவில் விரலால் ஒரு முறை தொட்டால் போதும், பசை தானாகவே பரவிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். துகள் மாட்டிவிட்டால் ஓரத்தை லேசாகத் தூக்கி செல்லோ டேப்பால் ஒற்றி எடுங்கள்.

டெம்பர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு பழக்கத்தை மட்டும் விட்டால் பாதிக் கோடுகள் விழாது. திரையில் தூசி தெரிந்தவுடனே சட்டை நுனியிலோ துப்பட்டாவிலோ வேட்டியிலோ அழுத்தித் துடைக்கிறோம். தூசியில் இருக்கும் மணலை நாமே கண்ணாடியில் வைத்து அரைப்பது அது. முதலில் போனைக் கவிழ்த்து லேசாகத் தட்டுங்கள், வாயால் ஊதுங்கள், அல்லது ஓடும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் அழுத்தாமல் ஒரே திசையில் இழுத்து எடுங்கள். அதற்குப் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் மெருகேற்றித் துடைத்துக்கொள்ளலாம். பாக்கெட்டையும் மாதம் ஒரு முறை வெளியே இழுத்து உதறுங்கள், தையல் ஓரத்தில் எவ்வளவு மண் தேங்கியிருக்கிறது என்று அப்போது தெரியும்.

அம்மாவின் போனுக்கு வருகிறேன். கூடையைத் தட்டிக் கழுவி, போனுக்கென்று ஜிப் வைத்த ஒரு துணிப் பையை உள்ளே தொங்கவிட்டோம். பிறகு நானே நூற்று இருபது ரூபாய் டெம்பர் ஒன்றை ஒட்டினேன். ஒட்டி முடித்ததும் அம்மா வெயிலில் சாய்த்துப் பார்த்து, "கோடெல்லாம் எங்கடா போச்சு?" என்றார். மாயம் ஒன்றும் இல்லை. கோடு நம் கண்ணுக்குத் தெரிவதே அந்தப் பள்ளத்துக்குள் காற்று இருப்பதால்தான், கண்ணாடிக்கும் காற்றுக்கும் நடுவில் ஒளி தாறுமாறாக வளைந்து சிதறுகிறது. சிலிகோன் பசை பள்ளத்துக்குள் இறங்கி நிரம்பியதும், பசையும் ஒளியைக் கிட்டத்தட்டக் கண்ணாடி வளைக்கும் அளவுக்கே வளைப்பதால், ஒளி சிதற இடம் இல்லாமல் போகிறது. மெல்லிய கோடுகள் எல்லாம் அப்படி மறைந்துவிட்டன. பள்ளம் அங்கேயேதான் இருக்கிறது, டெம்பரை உரித்தால் மறுபடி தெரியும் என்று சொன்னேன். கேமரா ஓட்டைக்குக் கீழே நகம் தடுக்கும் ஆழத்தில் ஒன்று மட்டும் இன்னும் தெரிகிறது, பசையால் அதை நிரப்ப முடியவில்லை.